துபாசி வேலை

என் கைடுக்கு மீன் வாங்கத் தெரியாது. ஐந்து வருடம் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ததில் நான் ஐயமறக் கண்டுபிடித்த முதல் உண்மை இதுதான். செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார், சதையை அழுத்திப் பார்க்கமாட்டார். "அதோ பெருசா இருக்கே, அதக் குடு" என்பார். மீன் விற்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட பேராசிரியர்கள் என்றால் உயிர். இரண்டு முறை அவர் நாறிப்போன வஞ்சிரத்தைச் சுமந்துவந்த பிறகு, அவர் வீட்டு மேடம் அந்தப் பொறுப்பை என்னிடம் மாற்றினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்துத் திண்டிவனம் போவேன். மார்க்கெட்டில் மீன் வாங்கி அவர் வீட்டுப் பின்வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து முன்பக்க வராண்டாவில் நிற்பேன். டீ வரும். அவருக்குப் பீங்கான் கோப்பையில் வரும். வந்திருக்கும் மற்ற ஸ்காலர்களுக்கும் பீங்கான் கோப்பைதான். எனக்குக் காகிதக் கப். "உனக்கு ஈஸியா இருக்கும்ல, குடிச்சிட்டுக் கசக்கிப் போட்டுட்டுப் போயிடலாம்" என்று மேடம் ஒருமுறை விளக்கமும் சொன்னார். ஐந்து வருடமாக அந்த வீட்டில் எனக்கு எல்லாமே ஈஸியாகத்தான் இருந்தது. வராண்டாவைத் தாண்டி எத்தனை அறை இருக்கிறது என்றுகூட நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்த மனிதர் மேடையில் பேசுவது காலனியத்தை எதிர்த்து. விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் கருத்தரங்கு நடந்தாலும் அவர் இருப்பார். "வெள்ளைக்காரன் போயிட்டான். ஆனா நம்ம மண்டைக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்" என்று தொடங்குவார். கைதட்டு வரும். அதே பேச்சு, அதே இடத்தில் அதே கைதட்டு. நான் கண்டமங்கலம் பக்கத்து ஊர். ஊரென்றால் ஊருக்கு வெளியே, காலனி. இதை வைத்து அவருக்கு ஒரு ஜோக் உண்டு. புதிதாக யாராவது பேராசிரியர் வந்தால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவன்தான் நம்ம ஸ்காலர். காலனியத்தப் பத்தி காலனிப் பையன் எழுதாம வேற யாரு எழுதுவா" என்பார். வந்தவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

என் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர். அப்பா தினமும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு கம்பெனியில் தோட்டவேலை செய்கிறார். அதற்கு முன்னால் நாலு வருடம் சவுதியில் இருந்தார். அதனால் எங்கள் தெருவில் அவர் பெயர் "சவுதி". நான் "சவுதி மகன்". நான் எத்தனை பட்டம் வாங்கினாலும் இதற்கு மேலே போக முடியாது.

என் ஆய்வேடு, லெபனானில் பிறந்து பிரான்சில் பாடம் நடத்தும் ஒரு பேராசிரியையின் எழுத்துகளைப் பற்றியது. ஒரே அரபி பேசிக்கொண்டிருந்த ஜனங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படிக் கூறுபோட்டார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதிகாரி ஊருக்குள் வருகிறான். நீ யார் என்கிறான். நான் இன்னாருடைய மகன், இந்தக் கிணற்றுத் தெரு, இன்னார் எங்கள் பங்காளி என்கிறான் ஊர்க்காரன். அதெல்லாம் வேண்டாம், என்ன மதம், அதில் எந்தப் பிரிவு, பாலைவனத்தானா பட்டணத்தானா என்கிறான் அதிகாரி. அவன் கையிலிருந்த தாளில் அதற்குத்தான் கட்டம் போட்டிருந்தது. தாத்தா எரிச்சலில் சொன்ன ஒரு பதில் தாளில் ஏறி, பேரன் காலத்தில் அதற்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். அரபி என்றால் ஒட்டகம், கூடாரம், கத்தி, கோபம் என்ற படமும் அந்த மாதிரித் தாள்களிலிருந்து வந்ததுதான் என்று அவர் எழுதியிருந்தார். படித்தபோது எனக்கு யாரோ எங்கள் தெருவுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருந்தது.

அதிகாரிக்கு அரபி தெரியாது, ஊர்க்காரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஒருவன் நின்றான். இரண்டு பாஷையும் அரைகுறையாகத் தெரிந்த உள்ளூர்ப் பையன். நம் பக்கத்தில் அவனைத் துபாசி என்பார்கள். ஊர்க்காரன் சபித்தால் இவன் அதை விண்ணப்பமாக மாற்றுவான். அதிகாரி நாயே என்றால் இவன் அதை ஐயா யோசிப்பார் என்று மாற்றுவான். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த ஆட்களைப் பற்றியது. காறித் துப்பியிருந்தேன். "தம் மக்களின் சொற்களை விற்றுப் பிழைத்த கோழைகள்" என்று ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. எழுதி முடித்தபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதை எழுதுவதற்கு ஒரு வருடம் முன்னால், வீட்டுமனைப் பட்டாவுக்காக அப்பாவும் நானும் தாலுக்கா ஆபீசுக்குப் போயிருந்தோம். அப்பா வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டார். படித்தவன் என்று நான் உள்ளே போனேன். கிளார்க் ஃபைலைத் திறக்கவே இல்லை. "உங்களுக்கெல்லாம் குடுத்துக் குடுத்தே கவர்மெண்டு போண்டியாப் போச்சு. உங்கப்பன் சவுதில சம்பாரிச்சவன்தானே, வாங்கிக் கட்டச் சொல்லு" என்பதில் தொடங்கி நெடுநேரம் பேசினார். வெளியே வந்தேன்.

"அடுத்த மாசம் வரச் சொன்னாருப்பா."

"அவ்ளோதானா? ஜன்னல் வழியாப் பாத்தேன், அந்த ஆளு வாயி ஓயவே இல்லியே."

"ஃபைல் மேல இருக்குதாம்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா சொன்னார்: "திட்டனா திட்டனான்னு சொல்லு. அந்தத் திட்டு எனக்கு வந்தது. அத நீ ஏண்டா நடுவுல வாங்கி வெச்சுக்கற?"

மூன்றாம் அத்தியாயம் எழுதிய நாட்களில் இது ஒரு முறைகூட என் நினைவுக்கு வரவில்லை. படித்தவனின் மூளை அப்படி. லெபனான்வரை தெரியும்.

ஆய்வேட்டை எழுதி முடித்து, அட்டை கட்டி, கைடு வீட்டில் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகம் அதை வாங்காது. என் பதிவுக்காலம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பும் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. தாண்டினால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் அம்மா பிடுங்கிய மல்லாட்டையும் மண்ணோடு போகும். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். "பாக்கறேன், பாக்கறேன்" என்பார். என் கட்டு அவர் ஷூ ஸ்டாண்டின் மேல்தட்டில் இருந்தது. அதன்மேல் ஒரு ஹெல்மெட்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியை புதுச்சேரிக்கு வந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பழைய பிரெஞ்சுக் காகிதங்கள் பார்க்க இரண்டு மாதம் தங்கியிருந்தார். நான் ஒரு மெயில் போட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் வருகிறேன் என்று பதில் வந்தது. கைடிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக அவர் என்னை உட்காரச் சொன்னார். வராண்டாவில்தான்.

"நம்ம காலேஜ்லயே மீட்டிங் வெச்சுருவோம். தலைமை நான். நீ மொழிபெயர்த்துடு. நல்லபடியா முடிஞ்சுதுன்னா புதன்கிழமை காலைல வீட்டுக்கு வா, கையெழுத்து போட்டுத் தர்றேன். வரும்போது மீன் வாங்கியாந்துடு, சம்பந்தி வர்றாங்க."

நல்லபடியா முடியவேண்டும். அதுதான் விலை.

விழுப்புரத்தில் இருந்த அந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறை, அரபுப் பெண் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் செய்த ஏற்பாடுகளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குத்துவிளக்கைத் தூக்கித் திரைக்குப் பின்னால் ஒளித்தார்கள். ஓய்வறையில் ஒரு தொழுகைப் பாயை விரித்து, மேற்கே காட்டிச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டார்கள். பொட்டு வைத்த மாணவிகளை வரவேற்பு வரிசையிலிருந்து எடுத்துவிடலாமா என்று துறைத்தலைவர் தீவிரமாக யோசித்தார். எல்லாவற்றுக்கும் மேலே பேனர். அஸ்தமனச் சூரியன், மூன்று ஒட்டகம், ஈச்சமரம், நடுவில் பேராசிரியையின் படம். அவர் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலிருந்து நான் இறக்கிக் கொடுத்த படம்தான். ஆனால் தலையில் கறுப்பு முக்காடு இருந்தது.

பிளெக்ஸ் கடைக்கு ஓடினேன். "இது யாருண்ணா போட்டது?"

"நான்தான். அரபி அம்மான்னு சொல்லிட்டு முடிய விரிச்சுப் போட்ட படம் குடுத்துக்கற. நாளைக்கு எதுனா பிரச்சன வந்தா? அதான் ஒரு துணியப் போத்திவிட்டேன். எப்படி, ஒட்டு தெரியுதா?"

ஒட்டு தெரியவில்லை. அதுதான் வேதனை. அவ்வளவு நன்றாகப் போர்த்தியிருந்தான். மாற்றச் சொல்லலாமா என்று கைடுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தானே இருக்கு, மரியாதையா இருக்கு, உடு" என்றார்.

பேராசிரியை வந்தார். நரைத்த முடி, பருத்திச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அதைப் பார்த்ததும் துறைத்தலைவர் என் காதைக் கடித்தார்.

"எப்பப்பா கன்வெர்ட் ஆனாங்க?"

"அவங்க ஆகல சார். ஏசு பொறந்த ஊருக்குப் பக்கத்து நாடு. ஆதியிலேர்ந்தே கிறிஸ்டியன்தான்."

"அரபியா இருந்துக்கிட்டா?"

ஐந்து வருடம் நான் எழுதிய முந்நூறு பக்கமும் இந்த ஒரு கேள்விக்குப் பதில். அந்தப் பக்கங்களை அவர் துறையில்தான் மூன்று முறை முன்னேற்ற அறிக்கையாக வாசித்திருந்தேன். மூன்று முறையும் அவர்தான் நன்றி சொன்னார்.

பேராசிரியை பேனருக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ரொம்பப் புடிச்சிப்போச்சு போல" என்றார் கைடு.

மேடையில் நான் பேராசிரியைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைடு தலைமையுரை ஆற்றினார். மண்டைக்குள் நாற்காலி வந்தது, கைதட்டு வந்தது. பிறகு அரபுக்கு வந்தார்.

"அரபிங்கன்னா யாரு? வெயில்ல காஞ்ச இனம். அதனால ரத்தம் சூடு. கோவம் வந்தா கத்தி. நம்மள மாதிரி சாது கெடையாது. அந்தக் கூட்டத்துலேர்ந்து இவங்கள மாதிரி படிச்ச ஒருத்தங்க வர்றது ஆயிரத்துல ஒன்னு."

பேராசிரியை என் பக்கம் சாய்ந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அரபு மக்கள் வெதுவெதுப்பான மனம் கொண்டவர்கள் என்கிறார். உங்கள் படிப்பை மதிக்கிறார்."

இவ்வளவு சுலபமாக அது என் வாயிலிருந்து வந்தது. யோசிக்கவே இல்லை. புதன்கிழமைக் காலையும் ஷூ ஸ்டாண்டும்தான் கண்முன்னால் இருந்தன.

கைடு சூடாகிவிட்டார். "வேற எங்கயும் போவாதீங்க. இதோ உக்காந்திருக்கானே நம்ம பையன், இவங்கப்பாவே சவுதில ஒட்டகம் மேச்சு, அரபிகிட்ட சவுக்கடி வாங்கிட்டு ஓடியாந்தவருதான். அப்பன் வாங்கின அடி, புள்ளைக்குப் பிஎச்.டி. ஆயிருக்கு."

அரங்கம் சிரித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு மாணவன் விசிலடித்தான். மேடைக்கு முன்னால் கல்லூரியின் யூடியூப் நேரலைக்காக ஒரு போன் ஸ்டாண்டில் நின்றது, அதுவும் என்னைப் பார்த்தது.

"உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, என்ன சொன்னார்?" என்றார் பேராசிரியை.

"என் அப்பா உங்கள் பக்கத்து நாடுகளில் வேலை செய்தவர், அந்த மக்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார் என்றார்."

அப்பா ஒட்டகத்தைத் தொட்டதே இல்லை. காய்கறித் தோட்டத்தில் தண்ணீர் கட்டினார். யாரும் அவரை அடித்ததாகவும் நான் கேட்டதில்லை. சவுதி என்று நான் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து ஒட்டகத்தையும் சவுக்கையும் இந்த ஆள் தானாகவே உருவாக்கிக்கொண்டார். பிளெக்ஸ் கடைக்காரனாவது மரியாதைக்குத் துணி போர்த்தினான்.

பேராசிரியை பேசியதில் துபாசிகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருந்தது. கைடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொன்னாடை, நினைவுப்பரிசு, பிரியாணி, குழுப்படம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

பேராசிரியையைப் புதுச்சேரிக்குக் காரில் கொண்டுபோய் விடும் வேலையும் எனக்குத்தான். விழுப்புரம் தாண்டியதும் அவர் கேட்டார்: "உங்கள் பேராசிரியரும் நீங்களும் ஒரே சாதியா?"

ஊருக்குள் வந்த அதிகாரி கேட்ட அதே கேள்வி. அதைக் கேட்டவனை நாலு புத்தகத்தில் கிழித்தவர் கேட்கிறார். எனக்கு அவர்மேலும் ஒரு இளக்காரம் வந்தது. அதையும் சொல்லவில்லை. "இல்லை. நாங்கள் விவசாயக் கூலிகள்" என்றேன். அந்த ஒரு நாளில் எத்தனையாவது மழுப்பல் என்று எண்ணவில்லை.

வளவனூரைத் தாண்டும்போது அடுத்த கேள்வி வந்தது. "உங்கள் அப்பா எத்தனை வருடம் இருந்தார்?"

"நாலு."

"அப்படியானால் அரபி பேசுவாரா?"

"ஏதோ கொஞ்சம்."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"இந்த ரோட்டில்தான். கண்டமங்கலம். ஷிப்டு முடிந்து வந்திருப்பார்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூன்று மணிநேரம் அரபு அடையாளம் பற்றிப் பேசிய அந்த அரங்கில் அரபி தெரிந்தவர் யாருமே இல்லை. தெரிந்த ஆளின் வீடு இருபது கிலோமீட்டரில் இருந்தது. அவரைக் கூப்பிடவேண்டும் என்று துறைக்குத் தோன்றவில்லை, கைடுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி தோன்றியது. கம்பெனி யூனிபார்மோடு, மண் ஒட்டிய செருப்போடு, முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. உடனே அதை விட்டுவிட்டேன்.

"நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அப்பா இருந்தார், அதே யூனிபார்மில். காரிலிருந்து நான் இறங்குவதையும் கூடவே ஒரு வெளிநாட்டு அம்மா இறங்குவதையும் பார்த்து எழுந்தார். நான் அறிமுகம் செய்வதற்குள் பேராசிரியை அரபியில் ஏதோ கேட்டார். அப்பா முகம் மலர்ந்தது.

"தால், தால். இஜ்லிஸ். இஷ்ரப் சாய்" என்று பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார்.

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தபடி உட்கார்ந்தார். டீ வந்தது, மூன்று கண்ணாடி கிளாஸில். இருவரும் பேசத் தொடங்கினார்கள். அப்பாவிடம் இருந்தது மொத்தம் ஐம்பது வார்த்தை இருக்கும். மீதியைக் கையால் பேசினார். பெட்டியைப் பூட்டுவதுபோல் காட்டினார். நெற்றியில் கை வைத்துச் சாய்ந்து விழுவதுபோல் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துப் பெரிய வட்டம் போட்டு, "வாஹித் சஹன். குல்லு வாஹித் சஹன்" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அரபு அடையாளம் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா முழிக்கற? சொல்லட்டா?"

"சொல்லுங்கப்பா."

"மத்தியானம் கம்பெனில சாப்புடற நேரத்துல உங்க சித்தப்பன் மவன் போன்ல மீட்டிங் காட்டனான். வாத்தியாரு பேசனதக் கேட்டேன். நீ இங்கிலீஷ்ல இன்னா சொன்னன்னு தெர்ல. அதான் நானே சொல்லிட்டேன். என்ன யாரும் அடிக்கலன்னேன். பாஸ்போர்ட்ட பொட்டில பூட்டி வெச்சுக்கினாரு மொதலாளி, நாலு வருசம் ஊருக்கு உடல, அதையும் சொன்னேன். வெயில்ல மயக்கம் போட்டு உழுந்தேன், அதையும் சொன்னேன். ஆனா சோறு, அவரு, அவரு புள்ளைங்க, நானு, எல்லாம் ஒரே தட்டுல. அதையும் சொன்னேன். எத உடறது எத வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெர்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அவங்க இன்னா கேட்டாங்க?"

"உன் மவன் ஏன் உன்ன மீட்டிங்குக்குக் கூட்டினு வரலன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"அதுக்கு மட்டும் ஒன்னும் சொல்லல. அதுக்கு எனக்கு அரபில வார்த்த தெர்ல."

டீயை மடக்கென்று குடித்தார். தமிழில் அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

பேராசிரியை காருக்குப் போகும்போது நானும் கூட நடந்தேன். "உங்கள் அப்பா பேசும் அரபி எல்லாம் கட்டளை" என்றார். "வா, உட்கார், குடி, தூக்கு, சீக்கிரம். வேலைக்காரனிடம் சொல்லும் சொற்கள். அவரிடம் யாரும் வேறு சொல் பேசவில்லை போலிருக்கிறது. அதை வைத்தே எனக்கு விருந்து வைத்துவிட்டார்." கதவைத் திறந்தவர் நின்றார். "மேடையில் நீங்கள் செய்ததற்கு என் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் படித்திருப்பீர்கள்." இனி நானே போய்க்கொள்கிறேன் என்று ஏறிக்கொண்டார், கார் போய்விட்டது. அவர் சாதி கேட்டதை நான் சுட்டிக்காட்டியிருக்கலாம். அவருக்கும் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை திண்டிவனம் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. "அதோ பெருசா இருக்கே, அதக் குடுங்க" என்றேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

கைடு நல்ல குஷியில் இருந்தார். குழுப்படம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் வந்திருந்தது. ஹெல்மெட்டை எடுத்துவிட்டு என் கட்டைத் தாமே கொண்டுவந்தார். முதல் பிரதியில் கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, பேனாவைத் தாள்மேல் பிடித்தபடியே கேட்டார்:

"கார்ல போவும்போது அந்தம்மா என் பேச்சப் பத்தி என்ன சொன்னாங்க?"

மேடம் டீ கொண்டுவந்து வைத்தார். அவருக்குக் கோப்பை, எனக்குக் காகிதக் கப். என் நாக்கில் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க சார். ஒரு நொடி வேலை. இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை.

"உங்க பேச்சு அவங்களுக்கு அப்பப் புரியல சார்" என்றேன். "நான் மாத்திச் சொல்லிட்டேன். ரத்தம் சூடு, கத்தின்னு நீங்க பேசனத நான் அவங்ககிட்ட சொல்லல. எங்கப்பா அடி வாங்கினாருன்னு நீங்க சொன்னதும் பொய் சார். அவர யாரும் அடிக்கல. அப்பாவே கண்டமங்கலத்துல அந்தம்மாகிட்ட நேரா அரபில சொல்லிட்டாரு."

பேனா நின்றது. கைடு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு அரபி தெரியுமா?"

"தெரியும் சார்."

"அடப்பாவி. முன்னாடியே சொல்றதில்லியா? மேடைல ஏத்தியிருக்கலாமே. அந்தம்மாவும் உங்கப்பாவும் நடுவுல நானும். எப்படிப்பட்ட போட்டோ தெரியுமா அது?"

சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார். நாலு பிரதியிலும் போட்டார், தேதியும் போட்டார். "இந்த வருசம் என்கிட்ட முடிக்கறவன் நீ ஒருத்தன்தான். நீயும் போயிட்டா மேல இருக்கறவனுங்களுக்கு நான் யாரக் காட்டறது? எனக்குல்ல பேஜாரு" என்றார். அப்படியானால் எப்போதானாலும் போட்டிருப்பார். மீன் வாங்காவிட்டாலும், மேடையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தாலும், அவர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாலும் போட்டிருப்பார். விலையே இல்லாத பொருளுக்கு நான் அப்பாவைக் கொடுத்திருந்தேன். கேட்காமலே கொடுத்திருந்தேன்.

"நன்றியுரைல மேடம் பேர விட்டுடலயே? அஞ்சு வருசம் டீ போட்டுருக்காங்க" என்றார்.

"இருக்குது சார்" என்றேன். இருந்தது. அட்டை கட்டிய பிறகு எதையும் மாற்ற முடியாது. மேடம் பெயரும் இருக்கும், மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கோழைகள் வாக்கியமும் இருக்கும். வாய்மொழித் தேர்வில் யாராவது அதைச் சுட்டிக்காட்டி, இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்பார்கள். தேவை என்று சொல்லவேண்டும்.

காகிதக் கப்பை அப்படியே வைத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

"போட்டானா?"

"போட்டாருப்பா."

"என்னப் பத்தி எதுனா சொன்னானா?"

சொன்னேன். போட்டோவைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அரங்கம் சிரித்ததை, விசிலடித்ததை, நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னதைச் சொன்னேன். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் அன்றைக்கு என்னவெல்லாம் பேசினார் என்பதையும் போண்டியில் தொடங்கிக் கடைசிவரை சொன்னேன். எதையும் விடவில்லை. மேடைக்கு அவரை ஏன் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னேன், செருப்பு உட்பட.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா குழாயை மூடியிருக்க வேண்டும்.

"அந்த கிளார்க்கு பேரு இன்னா?" என்றார்.

சொன்னேன்.

"சரி. வெள்ளிக்கிழம நீ அத ஆபீஸ்ல குடுத்துட்டு வா. திங்கக்கிழம நான் லீவு போடறேன். தாலுக்காவுக்குப் போவலாம். உள்ள நான் போறேன். நீ சைக்கிள் ஸ்டாண்டுல நில்லு."